குவாங்சோவில் முதல் நாள் எதையும் வாங்காதீர்கள்

குவாங்சோவுக்கு முதல்முறை புறப்படுகிற வியாபாரி என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, பாஷை தெரியாம எப்படிச் சமாளிக்கிறது?" என்பதுதான். பாரிமுனையில் பாத்திரக்கடை வைத்திருப்பவரும் இதையே கேட்பார், கோவையில் உதிரிபாகம் விற்பவரும் இதையே கேட்பார். இவர்களோடு துணைக்குப் போய், சந்தையைக் காட்டி, பேரம் முடித்து, சரக்கைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்புவது என் தொழில். இத்தனை வருடத்தில் பாஷை தெரியாததால் அங்கே நஷ்டப்பட்டவர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. அவசரப்பட்டு நஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விமானத்தைவிட்டு இறங்கிய கையோடு பெட்டியை அறையில் போட்டுவிட்டுச் சந்தைக்கு ஓடி, கண்ணில் பட்ட முதல் கடையிலேயே முன்பணம் கட்டியவர்கள். சின்ன வியாபாரி கொண்டுவரும் பணத்தில் பாதி கடனாக இருக்கும், மீதி வீட்டு நகையாக இருக்கும். அது தெரிந்ததால் என்னோடு வருகிறவர்களிடம் ஒரு நிபந்தனை வைத்துவிடுவேன். முதல் நாள் சரக்கு எதுவும் வாங்கக் கூடாது. அன்றைக்குப் போன் வேலை செய்ய வேண்டும், பணம் போக வேண்டும், வழி பிடிபட வேண்டும், வயிறு நிறைய வேண்டும். இந்த நான்கும் சரியானால் மறுநாள் பேரம் தானாக நிமிர்ந்து நிற்கும்.

இதற்கான வேலை ஊரிலேயே தொடங்கிவிடுகிறது. சரக்கு பார்க்கப் போகிறவர் வணிகத்துக்கான எம் விசா எடுக்க வேண்டும். அதற்கு அங்குள்ள நிறுவனத்தின் அழைப்புக் கடிதம் வேண்டும். சுற்றுலா விசாவிலேயே போய்வந்துவிடலாம் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். 2020-ல் நின்றுபோன இந்திய–சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் கடைசியில் கொல்கத்தா–குவாங்சோ தடத்தில் மறுபடி தொடங்கின. அடுத்து டெல்லியிலிருந்தும் பறக்க ஆரம்பித்தன. நம் பக்கத்து ஆட்களுக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், கொழும்பு வழிகளும் பழகியவை.

எப்போது போவது என்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. பொங்கல் வியாபாரம் முடிந்து கை ஓய்ந்ததும் நம் ஆட்களுக்குச் சீனா ஞாபகம் வரும். அந்த நேரத்தை ஒட்டித்தான் சீனப் புத்தாண்டும் வருகிறது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ அது வரும்போது தொழிலாளர்கள் சொந்த ஊர்களுக்குப் போய்விடுவார்கள், தொழிற்சாலைகள் மூடிக் கிடக்கும், சந்தையில் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும். அக்டோபர் 1-ல் தொடங்கும் தேசிய தின விடுமுறை வாரமும் அப்படித்தான். மார்ச், ஏப்ரலில் புழுக்கம் தாங்காமல் கட்டடங்களின் தரையிலும் சுவரிலும் ஈரம் பூத்து வழியும். என்னைக் கேட்டால் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை நல்ல காலம்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே போன்தான் பணப்பை, வழிகாட்டி, துபாஷி எல்லாம். கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக் எதுவும் அந்நாட்டு இணையத்தில் வராது. ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று பதறியவர்கள் நிறையப் பேர். இந்திய சிம்மிலேயே ரோமிங் போட்டுக்கொண்டு போங்கள். அதன் டேட்டா நம் நாட்டு நெட்வொர்க் வழியாக வருவதால் இவையெல்லாம் ஓடும். அதைவிட முக்கியம், வங்கி அனுப்பும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். காசு மிச்சம் என்று சிம்மைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர், கார்டு இருந்தும் பணம் கட்ட முடியாமல் நிற்பார். கூகுள் வரைபடம் ஓடினாலும் அதை நம்பி நடக்க வேண்டாம். சீனா தன் வரைபடங்களுக்கு வேறு ஆயத்தொலைவு முறை வைத்திருப்பதால், நாம் நிற்கும் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளித் தெரியும். அங்குள்ளவர்கள் பயன்படுத்தும் அமேப் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது.

வீசாட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. அங்கேயோ விசிட்டிங் கார்டுக்குப் பதில் வீசாட்டின் கியூஆர் குறியைத்தான் நீட்டுவார்கள். ஊருக்கு வந்தபின் அந்தத் தொடர்பு அறுந்துவிடும் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கடையின் அச்சடித்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள், அதன் பின்பக்கம் மின்னஞ்சல் முகவரியை அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

பணத்துக்கு அலிபே என்ற செயலி. 2023-லிருந்து வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை அதில் தாராளமாக இணைக்க முடிகிறது. பாஸ்போர்ட்டைக் காட்டிக் கணக்கை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நம் வங்கிச் செயலியில் அந்தக் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும். இந்த இரண்டாவதை மறந்துவிட்டுத்தான் பலர் விமான நிலையத்திலேயே திண்டாடுகிறார்கள். 200 யுவான் வரைக்கும் கூடுதல் கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிப்பார்கள். வெவ்வேறு வங்கியின் இரண்டு கார்டுகளை இணைத்துக்கொள்வது நல்லது. சில சின்னக் கடைகளில் மாட்டியிருப்பது தனிநபர் கணக்கின் கியூஆர் குறியாக இருக்கும், அதில் வெளிநாட்டுக் கார்டு போகாது. அப்போது கைகொடுக்கக் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். ரொக்கத்தை வாங்க மறுப்பது அங்கே சட்டப்படி தவறு என்றாலும், கடையில் சில்லறை இருக்காது. 100 யுவான் தாள்களை வங்கியிலேயே பத்தும் இருபதுமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டார் தங்குமிடத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிய வேண்டும். ஹோட்டல் என்றால் பாஸ்போர்ட்டை வாங்கி அவர்களே பதிந்துவிடுவார்கள். தெரிந்தவர் வீட்டில் தங்கினால் அந்த வேலை நம்முடையது. அறைக்குப் போனதும் ஹோட்டலின் அட்டையை, சீன எழுத்தில் முகவரி உள்ள பக்கத்தை, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையும் சட்டைப்பையில் இருக்கட்டும், போன் சார்ஜ் தீர்ந்த ராத்திரியில் அதுதான் டாக்சிக்காரரிடம் பேசும்.

பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது. பாய்யூன் என்பது விமான நிலையத்தின் பெயர். நகரின் வடக்கே இருக்கும் மலைக்கும் அதே பெயர், அந்த மாவட்டத்துக்கும் அதே பெயர், 2023 டிசம்பரில் திறந்த பெரிய ரயில் நிலையத்துக்கும் அதே பெயர். டாக்சியில் ஏறி வெறுமனே "பாய்யூன்" என்றால் வண்டி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ரயில் பிடிக்கிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். குவாங்சோ நிலையம், கிழக்கு நிலையம், தெற்கு நிலையம், பாய்யூன் நிலையம் என்று நான்கு பெரிய நிலையங்கள். அதிவேக ரயில்கள் நிறையப் புறப்படும் தெற்கு நிலையம், மையச் சந்தைகளிலிருந்து வெகுதூரத்தில் பான்யூ பக்கம் இருக்கிறது. டிக்கெட்டில் இருக்கும் சீன எழுத்தையே டிரைவரிடம் காட்டுங்கள்.

முதல் நாள் மதியம் நான் செய்யும் வேலை, அவர்களை மெட்ரோவில் ஏற்றுவது. நான் டிக்கெட் எடுத்துக் கொடுக்க மாட்டேன். இயந்திரத்தின் முன்னால் நிறுத்தி அவர்களையே எடுக்கச் சொல்வேன். திரையை ஆங்கிலத்துக்கு மாற்றி, போகிற நிலையத்தைத் தொட்டால், கேரம் காய் அளவுக்கு வட்டமான பிளாஸ்டிக் வில்லை ஒன்று வந்து விழும். உள்ளே நுழையும்போது அதைக் கதவில் ஒற்ற வேண்டும், வெளியேறும்போது துளையில் போட்டுவிட வேண்டும். அடிப்படைக் கட்டணம் 2 யுவான். எல்லா நிலையத்திலும் பையை ஸ்கேன் செய்வார்கள். ஐம்பது வயதுக்காரர் அந்த வில்லையைத் துளையில் போட்டுவிட்டு வெளியே வந்து என்னைத் திரும்பிப் பார்க்கும்போது முகத்தில் ஒரு தெளிவு தெரியும். அந்தத் தெளிவுக்காகத்தான் இந்தப் பயிற்சி. இனி ஏஜென்ட் கையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டால், மறுநாள் நான் காட்டும் கடையைக்கூடச் சந்தேகத்தோடு பார்ப்பார். அப்படிப் பார்க்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். காலையிலும் மாலையிலும் மூன்றாம் தடத்தைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டம் நெரிசலாக இருக்கும்.

சாப்பாட்டில் அசைவக்காரர்களுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. உலகத்தின் சிறந்த சமையல்களில் ஒன்று அந்த ஊருடையது என்பது என் அபிப்பிராயம். சைவக்காரர்களுக்குத்தான் திட்டம் வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்றால் மட்டும் போதாது. கீரை வதக்கலில் பன்றிக் கொழுப்பு இருக்கும், சிப்பி சாஸ் இருக்கும், கோழித்தூள் இருக்கும். மீன், முட்டை உட்பட இவற்றில் எதுவும் கூடாது என்று சீனத்தில் எழுதிப் போனில் வைத்துக்கொண்டு சமையல்காரரிடமே காட்ட வேண்டும். கோயில்களை ஒட்டிய பௌத்தச் சைவ உணவகங்களில் இந்தக் கவலை இல்லை. அங்கே வெங்காயம், பூண்டும் சேர்க்க மாட்டார்கள் என்பதால் சௌகார்பேட்டை ஜைன நண்பர்களை நேராக அங்கேதான் கூட்டிப்போவேன். ஷியாவ்பெய் பகுதியில் ஆப்பிரிக்க, அரபு வியாபாரிகள் நிறைய, இந்தியச் சாப்பாடும் கிடைக்கும்.

ஆனால் தினமும் பருப்பும் ரொட்டியும் தேடிக்கொண்டு அலைவதில் எனக்குச் சம்மதமில்லை. காலையில் ஒரு தேநீர் மனைக்குப் போய் உட்காருங்கள். முதல் கோப்பைச் சூடான தேநீரைக் குடிக்காமல், அதை ஊற்றிக் கிண்ணத்தையும் குச்சிகளையும் அலசிக் கொட்டுவார்கள். நீங்களும் அலசுங்கள். யாராவது உங்களுக்குத் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலை மடக்கி மேசையில் மெதுவாகத் தட்டுவது நன்றி சொல்லும் முறை. கெண்டியின் மூடியைச் சரித்து வைத்தால் வெந்நீர் கொண்டுவந்து நிரப்புவார்கள். அரிசி மாவை மெல்லிய தாளாக ஊற்றி ஆவியில் வேகவைத்துச் சுருட்டித் தரும் பலகாரம் ஒன்று உண்டு, உள்ளே எதுவும் வைக்காமல் வெறுமனேயும் கேட்கலாம். வெள்ளைக் கஞ்சியும் கிடைக்கும். நம் வயிற்றுக்கு இவை இரண்டும் சொந்தம்போல ஒத்துப்போகும். வியாபாரப் பேச்சுக்குக் கூப்பிடுகிற முதலாளி உங்களை அநேகமாக இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அழைத்துப்போவார். விரலைத் தட்டத் தெரிந்த வாடிக்கையாளரிடம் அவர் பேசும் தோரணையே மாறுவதைக் கவனித்திருக்கிறேன். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். ஹோட்டல் அறையில் கெட்டில் இருக்கும், ரயிலிலும் விமான நிலையத்திலும் வெந்நீர் பிடிக்கலாம்.

இனி சந்தை. 1757-ல் சிங் பேரரசு மேலை நாட்டுக் கடல் வணிகம் முழுவதையும் இந்த ஒரே துறைமுகத்துக்குள் ஒடுக்கியது. அந்த வணிகத்தை நடத்திய பதின்மூன்று பண்டகசாலைகள் என்ற பெயர் இன்றும் ஷிசான்ஹாங் என்ற தெருவுக்கு இருக்கிறது. இப்போது அங்கே பெண்கள் உடைக்கான மொத்தச் சந்தை. ஆறாம் தடத்தில் கலாச்சாரப் பூங்கா நிலையத்தில் இறங்க வேண்டும். விடியற்காலையிலேயே தொடங்கும், மதியத்துக்குமேல் களை இறங்கிவிடும், பத்து மணிக்குக் காபி குடித்துவிட்டுப் போகிற இடமல்ல. கறுப்பு பிளாஸ்டிக் மூட்டைகள் இடுப்புயரத்துக்கு வழியெல்லாம் கிடக்கும், டேப் கிழிக்கும் சத்தம் நிற்காது. இளம்பெண்கள் தங்கள் எடைக்கு மேலான மூட்டையை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். பின்னாலிருந்து தள்ளுவண்டிக்காரர் குரல் கொடுத்தால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே சுவரோரம் ஒதுங்குங்கள்.

அடுத்த நிலையத்திலேயே யீட லூ. எழுதுபொருள், பரிசுப் பொருள், விழா அலங்காரம், பொம்மை, கருவாடு எல்லாம் ஒரே சாலையில். நடுவில் 1863-ல் தொடங்கி 1888-ல் கட்டி முடித்த கருங்கல் தேவாலயம் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும், வழி தவறினால் அதைப் பார்த்துத் திரும்பிவிடலாம். இந்தச் சாலையில்தான் பேனா வாங்க வந்த மதுரைக்காரர் ஒருவர் கடைக்காரம்மாவோடு முட்டிக்கொண்டார். அவர் ரேட் கேட்க, அந்த அம்மா கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் நீட்டிக் காட்டினார். இவர் இரண்டு யுவான் என்று எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியாகத் தலையாட்டினார். அது எட்டு. சீனர்கள் ஒன்றிலிருந்து பத்துவரை ஒரே கையால் காட்டுவார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீண்டால் ஆறு, மூன்று விரல் நுனிகள் கூடினால் ஏழு, ஆட்காட்டி விரல் கொக்கியாக வளைந்தால் ஒன்பது, மூடிய முஷ்டி பத்து. அந்த அம்மா சிரித்துக்கொண்டே கால்குலேட்டரை எடுத்து எட்டைத் தட்டி இவர் பக்கம் திருப்பினார். இவர் ஆறைத் தட்டித் திருப்பி வைத்தார். அதன்பிறகு அரைமணி நேரம் இருவரும் ஒரு வார்த்தையும் பேசாமல் வியாபாரத்தை முடித்தார்கள். பாஷைக் கவலையோடு வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ரேட்டை மட்டும் கேட்டுக்கொண்டே போகிறவரைக் கடைக்காரர்கள் மதிப்பதில்லை. எத்தனை கார்ட்டன் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி, பதிலுக்கேற்ப ரேட் மாறும். நான் சொல்லித்தருவது இது: முதலில் கடை எண்ணைப் படம் எடுங்கள். பிறகு பொருளை. பிறகு ஒரு கார்ட்டனில் எத்தனை, என்ன எடை, கார்ட்டனின் நீள அகல உயரம் என்ன என்று எழுதுங்கள். கடைசியில் ரேட். 60, 50, 40 சென்டிமீட்டர் கார்ட்டன் என்றால் 0.12 கன மீட்டர். எட்டுக் கார்ட்டன் வைத்தால் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர் நிரம்பிவிடும். கப்பலில் பிறர் சரக்கோடு சேர்த்துப் பங்குச் சரக்காக அனுப்பும்போது அந்த இடத்துக்குத்தான் காசு. பிளாஸ்டிக் பூ அங்கே அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும், காற்றுக்கும் சேர்த்துக் கப்பல் கூலி கொடுத்து இறக்கினால் நம் ஊர்ச் சந்தையின் விலைக்கே வந்து நிற்கும். கணக்குப் பார்க்காமல் ரேட்டை மட்டும் கேட்டு மயங்குவது இங்கேதான்.

1957-லிருந்து நடக்கும் கான்டன் கண்காட்சியைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று, ஒவ்வொன்றும் மூன்று கட்டம், பாஜோவில் நடக்கும். முதல் கட்டம் மின்னணுவும் இயந்திரமும், இரண்டாவது வீட்டுப் பொருள், பரிசுப் பொருள், கட்டுமானம், மூன்றாவது துணி, காலணி, பொம்மை, பை வகை. கட்டம் பார்க்காமல் டிக்கெட் போட்டால் பாத்திர வியாபாரி லேத் மெஷின்களுக்கு நடுவே சுற்ற வேண்டிவரும். அங்கே கடை போடுகிறவர்கள் பெரிய ஆர்டரை எதிர்பார்க்கும் தொழிற்சாலைக்காரர்கள். பத்துக் கார்ட்டன் வாங்குகிறவருக்கு அது பாடசாலை, கொள்முதல் செய்யும் இடமல்ல. அந்த வாரங்களில் அறை வாடகையும் எகிறும்.

அங்கே வாங்க முடிகிற எல்லாவற்றையும் இங்கே இறக்க முடியாது. யீட லூவில் பொம்மைக் கடைகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை இந்தியாவில் விற்க முடியாது. 20 சதவீதமாக இருந்த சுங்க வரியும் 2020-ல் 60, 2023-ல் 70 என்று ஏறியது. தரக்கட்டுப்பாட்டு ஆணைக்குள் வரும் பொருள்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. என்ன வாங்குவதாக உத்தேசமோ அதன் எச்எஸ் எண்ணை எழுதிக்கொடுத்து, வரி எவ்வளவு, சான்று எது என்று கிளியரிங் ஏஜென்டிடம் கேட்காமல் விமானம் ஏறாதீர்கள். அங்கே போய் ஆசைப்பட்டுப் புதுப் பொருளில் பணம் போடுவதானால், பேசாமல் சாம்பிள் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.

சந்தைகளுக்கு நடுவே அரைநாள் ஒதுக்கி ஹுவாலின் கோயிலுக்குப் போகச் சொல்வேன். முதல் தடத்தில் சாங்ஷோ லூ நிலையத்தில் இறங்கி, பச்சை மணிக்கற்கள் விற்கும் கடைகளைக் கடந்து போக வேண்டும். காஞ்சியிலிருந்து போனதாக நம் பக்கம் சொல்லப்படும் போதிதருமர் கடல்வழி வந்து கரையிறங்கிய இடம் அது என்பது அவ்வூர் ஐதிகம். 'தாமோ' என்று சொன்னால் கோயிலில் யாரும் கை காட்டுவார்கள்.

பணம் கட்டும் கட்டம் வந்தால் 30 சதவீத முன்பணம், மீதி சரக்கு தயாரானபின் என்பது பொது வழக்கம். அதைவிட அதிகம் கேட்டால் கடையை மாற்றுங்கள். நிறுவனத்தின் வணிக உரிமத்தைக் கேளுங்கள். அதில் 18 இலக்க எண் இருக்கும், அதில் உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் குத்திய சிவப்பு முத்திரையின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தனிநபர் கணக்குக்குப் பெரும் தொகை அனுப்பாதீர்கள். கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் அந்த அஞ்சலுக்குப் பதில் போடாமல் கடை அட்டையில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். மீதிப் பணம் போகும் முன், நீங்களோ உங்களுக்காக வேறொருவரோ கிடங்குக்குப் போயே ஆக வேண்டும், போனில் வரும் படம் போதாது. அடுக்கின் மேலே இருக்கும் கார்ட்டனைத் திறந்து காட்ட அவர்கள் தயாராக இருப்பார்கள். அதை விட்டுவிட்டு, நடு வரிசையில் அடியிலிருந்து இரண்டாவதை இறக்கித் திறக்கச் சொல்லுங்கள். எண்ணுங்கள், சாம்பிளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எடை போடுங்கள். சரியாக இருந்தால் அங்கேயே பேலன்ஸை அனுப்பலாம்.